இரண்டரைச் சுற்று

எஸ்கிஷெஹிர். பிப்ரவரி. காலை ஆறு ஐம்பது.
வரிசையில் இன்னும் ஒரு கதவும் வரவில்லை.
ஷுக்ரான் கையுறையை மாட்டிக்கொண்டு
சிவப்புப் பெட்டியைத் திறக்கிறாள்.
உள்ளே ஓர் ஓவன் கதவு.
கெட்டது.
இந்தத் தொழிற்சாலையில், கெட்டது என்று
எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிந்த
ஒரே கதவு.

கெடுத்தவள் நான்.

புர்சாவில் எங்கள் பட்டறையில் பதினொரு மாதம்
இந்தச் சோதனை எந்திரத்தைக் கட்டினோம்.
கேட்டவர்களுக்கென்றே கட்டியது, இதற்கு ஜோடி கிடையாது.
நான்கு உறிஞ்சு கிண்ணங்கள்,
கதவைக் கவ்வித் திறக்க ஒரு கை,
கீலில் எத்தனை நியூட்டன் என்று
விடாமல் கேட்டுக்கொண்டேயிருக்கும் ஓர் உணரி.
எல்லாம் முடிந்து, பெயின்ட்கூடக் காய்ந்த பிறகுதான் தெரிந்தது
கஷ்டமான வேலை இனிமேல்தான் என்று:
ஒரு நல்ல கெட்ட கதவைச் செய்வது.

ரொம்பக் கெட்டால் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும்,
எந்திரம் எதற்கு?
இடது கீலின் வில்லை
இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். போதவில்லை.
மூன்று சுற்று. கதவு வாயைப் பிளந்துவிட்டது.
இரண்டரை.
நாற்பத்தைந்து பாகையில் நிற்க வேண்டியது
நிற்பதுபோல் நின்று
மெல்ல,
யாரும் பார்க்கவில்லையே என்பதுபோல்
கீழே இறங்கியது.
அன்று முதலாளி பக்லவா வாங்கி வந்தார்.
ஒழுங்காகச் செய்த எதற்கும்
அவர் வாங்கி வந்ததில்லை.

தினமும் முதல் சோதனை அதற்குத்தான்.
எந்திரம் முதலில் சிவப்பு காட்ட வேண்டும்.
'இல்லை' சொல்லத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான்
'சரி' சொல்ல விடுவார்கள்.

அன்று பச்சை.

ஷுக்ரான் எடுத்துத் திரும்ப வைத்தாள்.
பச்சை.
மூன்றாம் முறை வைக்கவில்லை.
வரிசையை நிறுத்தினாள்.
நேற்று தேறிய ஆயிரத்துத் தொள்ளாயிரம் கதவுகள்
லாரியிலேயே காத்திருக்க
எனக்குப் போன் வந்தது.
பொஸயூக் ஏற்றத்தில் பனி. வைப்பர் உறைந்துபோனது.
வழியெல்லாம் என் கணக்கை நானே திருத்தினேன்,
கேபிளைச் சந்தேகித்தேன், காற்றழுத்தத்தைச் சந்தேகித்தேன்,
நான் படித்த கல்லூரியைக்கூட.

எடைக்கல்லை மாட்டினேன். உணரி உண்மை சொன்னது.
குழாயில் கசிவில்லை. நிரலில் யாரும் கைவைக்கவில்லை.
மதியம் ஆகிவிட்டது.
வேறு வழியில்லாமல், என் கையாலேயே
அந்தக் கதவைத் திறந்தேன்.
நாற்பத்தைந்தில் நின்றது.
வளர்ப்பு நல்ல வளர்ப்பு என்று சொல்லும்படி நின்றது.
கீலில் புதுசாய் கிரீஸ்.

வெய்சல் என்றொருவன்.
இரவுத் துப்புரவுக்கு வந்து பதின்மூன்று நாள்.
அதற்கு முன்னால் பேருந்துப் பணிமனையில் ஆறு வருஷம்.
தூக்கம் கலையாத கண்ணோடு கூட்டி வந்தார்கள்.
"தொங்கிக்கொண்டிருந்தது. முறுக்கிவிட்டேன்.
அஞ்சு நிமிஷ வேலை."
பெட்டி மேல் எழுதியிருந்ததே, 'கெட்டது' என்று,
படிக்கவில்லையா?
"படித்தேன். அதனால்தான்."

யாரும் சிரிக்கவில்லை.
ஷுக்ரான் தேநீர்க் கோப்பைக்குள்
எதையோ தேடுவதுபோல் பார்த்தாள்.

ஸ்பேனரை எடுத்தேன்.
வெய்சல்தான் டார்ச் பிடித்தான்.
ஒரு சுற்று.
இரண்டு.
அரைச் சுற்றில் வெளிச்சம் கொஞ்சம் ஆடியது.
எந்திரம் கவ்வியது, திறந்தது, யோசித்தது.
சிவப்பு!
லாரிக்காரர்கள் சிகரெட்டை எறிந்தார்கள்,
மேற்பார்வையாளர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்,
எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

பெட்டிக்குப் புதுச் சீட்டு எழுதினேன்:
'கெட்டது. இப்படியே இருக்கட்டும்.'

ஒட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால்
வெய்சல் இன்னும் போகவில்லை.
கதவின் விளிம்பில் ஒரு விரல் கொடுத்து
மேலே தூக்கிப் பிடித்திருந்தான்.
விரல் இருக்கும்வரை நின்றது.